கரவனில் அம்மாவோடு: மெல்பேர்ணிலிருந்து அடிலெய்ட் வரை

வெள்ளி இரவு, அப்போலோ பே

அவுஸ்திரேலியாவுக்கு வந்த எங்கள் சொந்தங்கள் ஒரே ஊரில் குடியேறவில்லை. வேலை எங்கே கிடைத்ததோ அங்கே போனார்கள். அம்மாவின் தங்கச்சி, என் சின்னம்மா, டொக்டராக வேலை செய்யும் மகளோடு மவுண்ட் கம்பியரில் இருக்கிறார். இவரின் அண்ணர், என் அத்தான், குடும்பத்தோடு அடிலெய்டில். நாங்கள் மெல்பேர்ணில், டண்டினோங் பக்கம். சின்னம்மா வீட்டுக்கு நானூறு கிலோமீற்றருக்கு மேல், அத்தான் வீட்டுக்கு எழுநூறுக்கு மேல்.

பிளேனில் போகலாம்தான். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். இரவில் அடிக்கடி எழும்ப வேண்டும், விடிய நாலு மணிக்குத் தேத்தண்ணி வேண்டும். மற்றவர்கள் வீட்டில் அவருக்கு இதற்கெல்லாம் கூச்சம். "ஆக்களுக்குக் கரைச்சல் குடுக்கக்கூடாது பிள்ளை" என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருடமாகத் தங்கச்சியைப் பார்க்கப் போகாமல் இருந்துவிட்டார். போன வருடக் கடைசியில் காரால் இழுத்துக்கொண்டு போகிற ஒரு பழைய கரவன் வாங்கினோம். குசினி, கட்டில், கழிப்பறை எல்லாம் எங்களோடேயே வரும். சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, பகலெல்லாம் அவர்களோடு இருந்து, இரவில் எங்கள் கட்டிலில் படுக்கலாம். பள்ளிக்கூட விடுமுறையும் தைப்பொங்கலும் சேர்ந்து வந்ததால் வெளிக்கிட்டுவிட்டோம்.

புறப்பட முதல் நிறை பார்ப்பதுதான் பெரிய வேலை. கரவனின் வெறும் நிறை 1,980 கிலோ, சாமானோடு சேர்த்து ஆகக்கூடியது 2,400. மிச்சம் 420 கிலோ நிறைய மாதிரித் தெரியும். தண்ணீர்த் தாங்கிகள் இரண்டையும் நிரப்பினாலே 160 கிலோ போய்விடும். இரண்டு காஸ் சிலிண்டர், பற்றரி, வெயில் மறைப்புத் துணி, கதிரை மேசை என்று பார்த்தால் உடுப்புக்கும் சாப்பாட்டுக்கும் கொஞ்சம்தான் மிஞ்சும். அம்மா இடியப்ப உரலையும் புட்டுக்குழலையும் எடுத்து வைத்திருந்தார், அது சரி. பத்துக் கிலோ அரிசிப் பை இரண்டுக்குத்தான் இவர் கெஞ்சிக் கேட்டு ஒன்றாக்கினார். "அடிலெய்டிலயும் அரிசி விக்கிறாங்கள் மாமி."

பாரமானதைச் சில்லுக்கு மேலே, தரையோடு வைக்க வேண்டும். பின்பக்கம் பாரம் ஏறினால் கரவன் வால் ஆட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் காரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். காரின் கொழுக்கியில் இறங்கும் பாரம் மொத்த நிறையில் பத்திலொரு பங்களவு இருப்பது நல்லது என்பார்கள். எடை மேடையில் ஏற்றிப் பார்த்தபிறகுதான் எனக்கு மனம் ஆறியது.

ஓடும்போது கரவனுக்குள் யாரும் இருக்கக்கூடாது, அது சட்டம். கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு வரலாம் என்று நினைத்திருந்த அம்மாவுக்கு அதில் கொஞ்சம் மனக்குறை. அதனால் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருதரம் நிறுத்தி, கரவன் கதவைத் திறந்து, அரை மணி அவரைப் படுக்கவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு ஓடுவது என்று முடிவு. பிள்ளைகளுக்கும் அது நல்லதாகப் போயிற்று.

ரோர்க்கியில் தொடங்குகிறது கிரேட் ஓஷன் ரோட். முதலாம் உலக யுத்தத்திலிருந்து திரும்பி வந்த படைவீரர்கள் 1919 தொடக்கம் 1932 வரை மண்வெட்டியாலும் பிக்காசாலும் வெட்டிய பாதை. திரும்பி வராத தோழர்களின் நினைவாக வெட்டியது. 240 கிலோமீற்றருக்கு மேற்பட்ட இந்த ரோட்டு முழுவதுமே ஒரு நினைவுச் சின்னம் என்பதை மகளுக்குச் சொன்னேன். ஈஸ்டேர்ண் வியூ என்ற இடத்தில் ரோட்டுக்குக் குறுக்கே மரத்தால் ஒரு வளைவு கட்டியிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் வீரர்கள் வேலை செய்கிற மாதிரி ஒரு சிலை. மகள் இறங்கிப் போய் அந்தக் கல்வெட்டை முழுதும் வாசித்துவிட்டு வந்தாள்.

லோர்னைத் தாண்டியதும் ரோட்டு ஒருபக்கம் மலை, ஒருபக்கம் கடல் என்று நெளியத் தொடங்குகிறது. கரவனோடு வளைவுகளில் மெதுவாகத்தான் போகலாம். பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கும் இடம் வந்தவுடன் ஒதுங்கி விடவேண்டும். இவர் ஒவ்வொரு முறையும் ஒதுங்கினார், போகிறவர்கள் கை காட்டிக்கொண்டு போனார்கள். கென்னட் ரிவரில் மரத்தில் கோலா. மகன் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தான். கோலா ஒருதரம்கூட அசையவில்லை.

சனி இரவு, வார்ணம்பூல்

இன்று முழுக்கக் கடற்கரைப் பாறைகள். ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ் என்று பெயர். ஆனால் பன்னிரண்டு எந்தக் காலத்திலும் இருக்கவில்லை. சுண்ணாம்புக் கல் மலையைக் கடல் அரித்து, முதலில் குகை, பிறகு வளைவு, வளைவு இடிந்து தனித்தூண், கடைசியில் தூணும் விழும். 2005 யூலையில் ஒன்று இப்படி விழுந்தது. கிட்ட இருக்கும் லண்டன் பிரிட்ஜ் என்ற இரட்டை வளைவில் கரையோடு ஒட்டியிருந்த பாகம் 1990 சனவரியில் இடிந்தபோது, அந்தப் பக்கம் நின்ற இரண்டு பேரை ஹெலிகொப்ரரில்தான் மீட்டார்கள். இப்போது அது லண்டன் ஆர்ச்.

பார்க்கிற இடம்வரை பாதை நன்றாக இருக்கிறது, சக்கர நாற்காலியும் போகும். அம்மா கைத்தடியோடு மெதுவாக நடந்து வந்துவிட்டார். கிப்சன் ஸ்டெப்ஸில் 86 படி, அது அவருக்கு முடியாது. நாங்கள் மாறி மாறி இறங்கினோம். கீழே மணலில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் அந்தச் செம்மஞ்சள் சுவரின் உயரம் விளங்குகிறது. நேரம் இருப்பவர்கள் மேலே நின்று படம் எடுத்ததோடு திரும்பாமல் கட்டாயம் இறங்குங்கள்.

எனக்கு இந்தக் கரையில் பிடித்த இடம் லொக் ஆர்ட் கோர்ஜ். 1878இல் இங்கிலாந்திலிருந்து மூன்று மாதம் ஓடிவந்த லொக் ஆர்ட் என்ற கப்பல், மெல்பேர்ண் கிட்டத்தட்ட வந்துவிட்டது என்ற நிலையில், யூன் முதலாம் திகதி விடியற்காலையில் இந்தப் பாறைகளில் மோதியது. 54 பேரில் இரண்டு பேர்தான் தப்பினார்கள். ரொம் பியர்ஸ் என்ற பயிற்சி மாலுமி, ஈவா கார்மைக்கல் என்ற பெண். இரண்டு பேரும் பதின்ம வயதுக்காரர். கரையொதுங்கிய ரொம், அவளின் குரல் கேட்டுத் திரும்ப நீந்திப்போய் இழுத்து வந்தான். குடும்பத்தோடு குடியேற வந்தவள், அப்பா அம்மாவையும் சகோதரங்களையும் அந்த ஒரு விடியலில் இழந்துவிட்டாள். பிறகு அயர்லாந்துக்கே திரும்பிப் போய்விட்டாள். அம்மா கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "அவள் போய் ஆரோட இருந்தவள்?" என்று கேட்டார்.

அந்தக் கப்பலில் வந்த ஒரு பெரிய பீங்கான் மயில் பெட்டியோடு கரையொதுங்கியது. அவ்வளவு பெரிய கப்பல் நொறுங்கியும் மயில் உடையவில்லை. மெல்பேர்ணில் 1880இல் நடந்த சர்வதேசக் கண்காட்சிக்காகக் கொண்டு வந்தது. இப்போது வார்ணம்பூலில் ஃபிளாக்ஸ்ராஃப் ஹில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னேரம் போய்ப் பார்த்தோம். நீலமும் பச்சையுமாக நல்ல வடிவு.

ஞாயிறு இரவு, மவுண்ட் கம்பியர்

காலையில் கரவனைப் பார்க்கில் விட்டுவிட்டுக் காரில் மட்டும் ரவர் ஹில் போனோம். அணைந்துபோன எரிமலையின் வாய்க்குள் இறங்கும் ஒடுக்கமான ரோட்டு, கரவனோடு போகிற இடமில்லை. எரிமலை வெடித்து 30,000 வருடங்களுக்கும் மேலாகிறது. அந்தச் சாம்பலுக்குக் கீழே கற்கோடரி ஒன்று கிடைத்திருக்கிறது, அப்போதே இங்கே மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள். வெள்ளையர் வந்து மரங்களை வெட்டி, மாடு மேய்த்து, இடத்தை மொட்டையாக்கினார்கள். பிறகு 1960களில் திரும்பக் காடு வளர்க்க நினைத்தபோது எந்த மரம் எங்கே நின்றது என்று எப்படித் தெரியும்? 1855இல் ஓய்கன் வொன் கெராட் என்ற ஓவியர் இந்த இடத்தை நுணுக்கமாக வரைந்திருந்தார். அந்த ஓவியத்தைப் பார்த்தே மரங்களைத் தெரிந்து நட்டார்கள். இப்போது ஈமுக்கள் கார் நிறுத்துமிடத்திலேயே உலாவுகின்றன. ஒரு ஓவியம் ஒரு காட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. மகளுக்கு வரைதல் பிடிக்கும் என்பதால் இதைக் காட்டத்தான் முக்கியமாக வந்தேன்.

அப்புறம் சமையல். தென் அவுஸ்திரேலியாவுக்குள் பழ ஈ வரக்கூடாது என்பதில் மிகவும் கண்டிப்பு. வேறு மாநிலத்திலிருந்து பழங்களும் தக்காளி, மிளகாய், கத்தரிக்காய் போன்ற காய்களும் கொண்டுபோகக்கூடாது, பிடித்தால் தண்டம். அம்மா தன் தோட்டத்து மிளகாயையும் கத்தரிக்காயையும் தங்கச்சிக்கென்று ஒரு பை நிறையக் கொண்டு வந்திருந்தார். எறிய அவருக்கு மனம் வருமா? கரவன் குசினியில் இருந்தபடியே எல்லாவற்றையும் சமைத்தார். கத்தரிக்காய்ப் பால்கறி, தக்காளிக் குழம்பு. சமைத்ததைக் கொண்டு போகலாம். மிஞ்சிய மாம்பழத்தை ஹேவுட் தாண்டி நிறுத்தி நாங்கள் ஐந்து பேரும் ரோட்டோரத்தில் நின்று தின்று முடித்தோம்.

எல்லை தாண்டியதும் நேரம் அரை மணி பின்னுக்குப் போகிறது. பின்னேரம் ஐந்து மணிக்கு சின்னம்மா வீடு. வாசலில் ஒரு கதிரை போட்டு மத்தியானத்திலிருந்து இருந்தாராம். கரவன் திரும்பினதும் எழும்பி ரோட்டுக்கே வந்துவிட்டார். இரண்டு பேரும் அழுவார்கள் என்று நினைத்தேன். அழவில்லை. "என்னடி இப்பிடி மெலிஞ்சு போனாய்?" என்று அம்மாவும், "அக்கா, உங்கட கால் வீங்கியிருக்கு, முதல்ல இருங்கோ" என்று சின்னம்மாவும் ஆளையாள் அதட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். கத்தரிக்காய்க் கறி ஐந்து நிமிடத்தில் மேசையில்.

கரவன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கரவன் வயர் 15 அம்பியருக்கானது. அதன் பிளக்கில் ஒரு பின் அகலம், வீட்டில் இருக்கும் சாதாரண 10 அம்பியர் சொக்கற்றில் ஏறாது. சிலர் அந்தப் பின்னை அராவி ஏற்றுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், வீடு எரிந்துவிடும். மின்னை வெட்டிவிடும் பாதுகாப்போடு அதற்கென்று அடப்டர் விற்கிறது, அதைப் பாவியுங்கள். சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிறுத்துபவர்களுக்கு இது கட்டாயம் தேவை.

திங்கள் இரவு, மவுண்ட் கம்பியர்

புளூ லேக். எத்தனை படம் பார்த்திருந்தாலும் நேரில் அந்த நீலத்தை எதிர்பார்க்க முடியாது. இதுவும் எரிமலை வாய்தான். குளிர்காலத்தில் சாம்பல் நிறமாகக் கிடக்கும் ஏரி நவம்பரில் நீலமாக மாறி மார்ச் வரை அப்படியே இருக்கும். வெயிலில் மேல்தண்ணீர் சூடாக, கரைந்திருக்கும் சுண்ணாம்பு நுண்ணிய துகள்களாகப் பிரிகிறது. அவை நீல ஒளியைச் சிதறடிக்கின்றன. இந்த ஊரின் குடிதண்ணீரும் இதிலிருந்துதான். "அப்ப எங்கட தேத்தண்ணியும் இந்தத் தண்ணியோ?" என்று அம்மா கேட்டார். ஓம் என்றதும் சின்னம்மாவுக்குப் பெருமை, தன் ஊரல்லவா.

இருட்டினதும் அம்பர்ஸ்ரன் சிங்க்ஹோல். சுண்ணாம்புக் குகை ஒன்றின் கூரை இடிந்து விழுந்த பெரிய பள்ளம். ஜேம்ஸ் அம்பர்ஸ்ரன் என்பவர் 1880களில் அதற்குள் தோட்டம் போட்டார். சுவரிலிருந்து கொடிகள் தொங்குகின்றன. இரவில் பொசம் என்ற சின்ன விலங்குகள் இறங்கி வருகின்றன. என் பிள்ளைகளும், சின்னம்மாவின் மகளான என் தங்கச்சியின் பிள்ளைகளும் கீழே போய்விட, அம்மாவும் சின்னம்மாவும் மேலே வாங்கிலில் இருந்து ஊர்ச் சனங்களின் கதை. யாருக்கு எங்கே பேரப்பிள்ளை பிறந்தது, யார் காணியை விற்றார்கள். ஊரைவிட்டு வந்து இவ்வளவு காலமாகியும் ஒரு வீடும் விடுபடாமல் ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

நாளைக்கு ரோப் போகிறோம். புறப்படுகிற கதை வந்ததும் சின்னம்மா பேச்சைக் குறைத்துவிட்டார். தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு, "நானும் நாளைக்கு லீவு போடுறன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு ரோப்புக்கு வாறன்" என்றாள். எங்கள் காரில் ஐந்து பெல்ற்தான், எல்லாம் நிரம்பிவிட்டது. அதனால் அவள் தன் காரில் பின்னால் வருகிறாள்.

செவ்வாய் இரவு, ரோப்

சின்ன மீன்பிடி ஊர். விடுமுறையில் கரவன் பார்க் நிரம்பி வழிகிறது, மாதக்கணக்கில் முன்பே புக் பண்ணியிராவிட்டால் இடம் கிடையாது. கடல் தெளிவு, கரை நீளம், பிள்ளைகள் மத்தியானம் முழுக்கத் தண்ணீரிலிருந்து ஏறவில்லை.

நான் இங்கே வர விரும்பியது வேறொரு காரணத்துக்காக. 1850களில் விக்ரோரியாவில் தங்கம் கிடைத்தபோது சீனாவிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். அவர்களைத் தடுக்க விக்ரோரியா 1855இல் வந்து இறங்கும் ஒவ்வொரு சீனரிடமும் 10 பவுண் வரி கேட்டது. அவர்களுக்கு அது கட்ட முடியாத காசு. அதனால் கப்பல்கள் எல்லைக்கு வெளியே, இந்த ரோப்பில் இறக்கிவிட்டன. 1857ஐ ஒட்டிய சில வருடங்களில் 16,000 பேருக்கு மேல் இந்தச் சின்ன ஊரில் இறங்கினார்கள். இங்கிருந்து பலராற், பென்டிகோ வரை நடை. நானூறு கிலோமீற்றருக்கும் மேலே, தோளில் காவடி மாதிரித் தடி, இரண்டு பக்கமும் கூடை. வழிகாட்டக் காசு வாங்கியவர்கள் சிலர் பாதி வழியில் விட்டுவிட்டு ஓடியுமிருக்கிறார்கள். கடற்கரையில் அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது.

அதை வாசித்து அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் சொன்னேன். சின்னம்மா கடலைப் பார்த்துக்கொண்டே, "நாங்கள் நாவற்குழிப் பாலம் கடந்தது மாதிரி" என்றார். 1995 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவு. மழை. அந்த ஒடுக்கமான ரோட்டில் ஒரு அடி வைக்க எத்தனையோ நேரம். அம்மாவும் சின்னம்மாவும் என்னையும் தங்கச்சியையும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு, கையை விட்டால் தொலைந்துவிடுவோம் என்று இரண்டு சீலைத் தலைப்பையும் முடிந்துகொண்டு நடந்தார்களாம். சீலைத் தலைப்பை முடிந்த இந்தக் கதை எனக்கு இன்றுவரை தெரியாது. என் தங்கச்சிக்கும் தெரியாது. பிள்ளைகள் வந்து நனைந்த உடுப்போடு பக்கத்தில் இருந்தார்கள், அவர்களுக்கும் சொன்னார்கள். மகன் "எவ்வளவு தூரம் அம்மம்மா?" என்று கேட்டான். தூரம் பெரிதில்லை. ஆனால் விடியும்வரை நடந்தும் சாவகச்சேரி வரவில்லை என்றார் அம்மா.

தங்கச்சி ஒரு மோட்டலில் அறை எடுத்திருந்தாள். சின்னம்மா போகவில்லை. கரவனில் இருக்கும் பெரிய கட்டிலை இரண்டு பேருக்கும் விட்டுவிட்டு, நாங்கள் வெளியே மறைப்புத் துணிக்குக் கீழே மெத்தை விரித்திருக்கிறோம். இதை எழுதும்போது மணி பதினொன்றரை. உள்ளே இன்னும் கதை ஓய்ந்தபாடில்லை.

புதன் இரவு, அடிலெய்ட்

விடிய ஒரு தேத்தண்ணியோடு சின்னம்மா தங்கச்சியின் காரில் ஏறிவிட்டார். கையசைத்தது மட்டும்தான், அதற்குமேல் இரண்டு பேரும் நிற்கவில்லை.

கிங்ஸ்ரனில் 17 மீற்றர் உயரக் கடல் இறால் சிலை, மகனுக்காக ஒரு படம். அதற்கப்புறம் கூரொங். நூறு கிலோமீற்றருக்கு மேல் ரோட்டுக்குப் பக்கத்தில் நீளும் உப்பு நீரேரி, அந்தப் பக்கம் மணல்மேடு, மேட்டுக்கு அப்பால் பெருங்கடலின் இரைச்சல். பெலிக்கன்கள் கூட்டம் கூட்டமாக. வெயிலில் தண்ணீர் வற்றின ஓரங்களில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. ஆனையிறவு மாதிரியே இருக்கிறது என்று அம்மா சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த வெயிலில்தான் கரவனின் ஒரு ரயர் போனது. இரட்டை அச்சு என்பதால் கரவன் சாயவில்லை, இவர் பிறேக்கை மெல்லப் பிடித்து ஓரத்தில் நிறுத்தினார். போன் சிக்னல் இல்லை. கரவன்காரர்கள் பாவிக்கும் ரேடியோவில் 18ஆம் சனலில் இவர் கேட்டதும், பின்னால் வந்த ஒரு வயதான தம்பதி பதில் சொல்லி, வந்து நிறுத்தினார்கள். ஓய்வு பெற்றபிறகு வீட்டை விற்றுவிட்டுக் கரவனிலேயே நாட்டைச் சுற்றுகிறவர்கள். அந்த மனுசன் தன்னுடைய ஜக்கை எடுத்து, நிலம் இளக்கம் என்று அடியில் பலகை வைத்து, இருபது நிமிடத்தில் சில்லை மாற்றிவிட்டார். அவரின் மனைவி அம்மாவுக்குத் தங்கள் குளிர்பெட்டியிலிருந்து தண்ணீர் கொடுத்தார். அம்மா திருப்பி இடியப்பமும் சொதியும் கொடுத்தார். ரோட்டோரத்தில் நின்று இரண்டு பேரும் ருசித்துச் சாப்பிட்டார்கள். நீளமான வண்டிகள் ஊருக்கு வெளியே ஒன்றுக்கொன்று 60 மீற்றர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. அந்த இடைவெளியோடு அவர்கள் மெனிங்கி வரை எங்களுக்குப் பின்னாலேயே காவலாக வந்தார்கள்.

வெலிங்ரனில் மறே ஆற்றை மிதவைப் பாதையில் கடந்தோம். கம்பியால் இழுக்கும் பெரிய மிதவை, காரும் கரவனும் சேர்ந்தே ஏறும், காசு இல்லை. கடைசியில் மலையிலிருந்து அடிலெய்டுக்குள் இறங்கும் நெடுஞ்சாலை. இந்த இறக்கத்தில் பிறேக் போன பாரவூர்திகளால் உயிர்கள் போயிருக்கின்றன. பாரவூர்திகளும் பஸ்களும் குறைந்த கியரில்தான் இறங்க வேண்டும், 60க்கு மேல் ஓடக்கூடாது, பிறேக் பிடிக்காவிட்டால் ஏறி நிற்க ஓரத்தில் கற்குவியல் பாதையும் இருக்கிறது. கரவன் இழுக்கிறவர்களும் மேலேயே கியரைக் குறைத்துக்கொண்டு இறங்குவதுதான் புத்தி. அத்தான் வீட்டு வாசலில் நிறுத்தியபோது இரவு எட்டு மணி, இன்னும் வெளிச்சம்.

வியாழன், தைப்பொங்கல், அடிலெய்ட்

நேற்று இரவே செய்தி வந்துவிட்டது: இன்றைக்கு நாற்பது பாகையைத் தாண்டும், முழு நெருப்புத் தடை. வெளியே விறகு மூட்டக்கூடாது. அக்கா, அத்தானின் மனைவி, முற்றத்தில் மூன்று கல் வைத்து, விறகு அடுக்கி, எல்லாம் தயாராக வைத்திருந்தார். பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. இந்தத் தடையை மீறி யோசிக்கவே கூடாது. ஒரு பொறி போதும் இந்தக் காய்ந்த நாட்டுக்கு.

அம்மாதான் வழி சொன்னார். கரவன் கதவு கிழக்கே பார்த்து நிற்கிறது, உள்ளே காஸ் அடுப்பு இருக்கிறது. விடிய ஐந்து மணிக்கு அக்கா கரவன் வாசலில் கோலம் போட்டார். பானைக்கு மஞ்சளிலையும் இஞ்சியிலையும் கட்டி, பால் விட்டு அடுப்பில் ஏற்றினோம். அந்தச் சின்னக் குசினிக்குள் அம்மாவும் அக்காவும் நானும், வெளியே படியில் பிள்ளைகள் எல்லாரும். சூரியன் பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே வந்து நேரே உள்ளே அடித்தது. கொஞ்ச நேரத்தில் பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. அத்தான் முதல் பிடி அரிசியைப் போட்டார். "பொங்கலோ பொங்கல்" என்று மகன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒரு கிண்ணம் போனது.

காலையிலேயே ஓக்லண்ட்ஸ் பார்க் பிள்ளையார் கோயில். வெயில் ஏறமுதல் போய் வந்துவிட்டோம். மிச்ச நாள் முழுக்க வீட்டுக்குள் ஏசி, கடதாசி விளையாட்டு, நித்திரை. அண்ணரும் தம்பியும் கரவனின் போன ரயரைப் பற்றியே மூன்று மணித்தியாலம் கதைத்தார்கள்.

ஞாயிறு இரவு, ஆராரற்

அடிலெய்டில் மிச்ச நாட்கள் சொந்தக்காரர், விருந்து என்று போய்விட்டன. நேற்று வெளிக்கிட்டு, போர்டர்ரவுனில் வெள்ளைக் கங்காரு பார்த்து, ஹோர்ஷமில் தங்கினோம். இன்று ஆராரற்.

ரோப்பில் இறங்கி நடந்த சீனர்களில் எழுநூறு பேர் அளவிலான ஒரு கூட்டம் 1857இல் இந்த இடத்தில் தண்ணீருக்குத் தங்கியபோது தங்கத்தைக் கண்டது. அதனால் உருவானதுதான் இந்த ஊர். அவர்களுக்காகக் கும் சான் என்ற பெயரில் ஒரு அருங்காட்சியகம். வரைபடத்தில் ரோப்பிலிருந்து ஆராரற் வரைக்கும் அவர்கள் நடந்த பாதை இருந்தது. அம்மா அதன் முன்னே நிறைய நேரம் நின்றார். பிறகு சின்னம்மாவுக்கு வீடியோ கோல் போட்டு, படத்தைக் காட்டி, "இங்க பாரடி, அவையள் வந்து சேர்ந்திட்டினம்" என்றார்.

அந்தக் கோலிலேயே அடுத்ததும் முடிவாயிற்று. ஈஸ்டருக்கு ஹோல்ஸ் கப் என்ற ஊர். ஆராரற்றிலிருந்து கிட்ட, கிரம்பியன்ஸ் மலையடிவாரம். மெல்பேர்ணிலிருந்து நாங்கள் மூன்று மணித்தியாலம் ஓடினால் போதும், மவுண்ட் கம்பியரிலிருந்து அவர்களும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஈஸ்டரில் பக்கத்து ஊரான ஸ்ரோவலில் 1878 தொடக்கம் நடந்துவரும் ஓட்டப்போட்டிக்குச் சனம் குவியும், இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் இன்றைக்கே இரண்டு இடம் புக் பண்ணியாயிற்று. தங்கச்சி ஒரு கூடாரம் வாங்குகிறாளாம். இந்தமுறை மிளகாய், கத்தரிக்காய் எல்லாம் விக்ரோரியாவுக்குள்ளேயே நிற்கும். அம்மா பை நிறையக் கொண்டு வரலாம்.